கவசம் ஒன்று, குலம் பல

வீட்டில் எந்த விசேஷமானாலும் சங்கல்பத்தில் ‘சகாப்தே’ என்ற சொல்லைச் சொன்ன பிறகுதான் வருஷத்தின் பெயருக்குப் போகிறோம். வாத்தியார் வேகமாகச் சொல்ல, நாமும் அதே வேகத்தில் திருப்பிச் சொல்லிவிடுகிறோம். அப்தம் என்றால் ஆண்டு. சகாப்தம் என்றால் சகர்களின் ஆண்டுக் கணக்கு. ஒரு பெரியவர் மறைந்தால் ‘ஒரு சகாப்தம் முடிந்தது’ என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதுவதும் இதே சொல்தான். கி.பி. 78-ல் தொடங்கும் இந்தக் கணக்கைத்தான், விஞ்ஞானி மேக்நாத் சாஹா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் சிபாரிசுப்படி, 1957 மார்ச் 22 முதல் பாரத அரசு தேசிய நாட்காட்டியாக ஏற்றது. அன்று சக வருஷம் 1879, சைத்ர மாதம் முதல் நாள்.

அப்படியானால் இந்தச் சகர்கள் யார்? நம் தேசத்தவர் அல்லர். இமயத்துக்கும் ஹிந்துகுஷ் மலைக்கும் அப்பால், குதிரைகளோடும் மந்தைகளோடும் புல்வெளியில் அலைந்து திரிந்த ஒரு கூட்டத்தார். அவர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் அது ஒரு கவசத்தின் கதையில் கொண்டுபோய் விடுகிறது. அந்தக் கவசமோ, இன்று நம்மிடையே நடக்கும் ஒரு வாதத்துக்கு நல்ல பாடம் சொல்கிறது. அதை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

புல்வெளி என்னும் ராஜபாட்டை

ஐரோப்பாவின் ஹங்கேரியிலிருந்து உக்ரைன், தெற்கு ரஷ்யா, கஜகஸ்தான் வழியாக மங்கோலியா வரை ஒரே புல்வெளி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அங்கு பல இடங்களில் விவசாயத்துக்குப் போதிய மழை கிடையாது, புல்லுக்குக் குறைவில்லை. குதிரை உள்ளவனுக்கு அது ஒரு ராஜபாட்டை.

இந்தப் பாட்டையில் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு முதல் பல கூட்டங்கள் சரித்திரத்தில் தலைகாட்டுகின்றன. கருங்கடலுக்கு வடக்கே இருந்தவர்களைக் கிரேக்கர் சிதியர் என்றனர். பாரசீகரோ இவர்கள் எல்லோரையுமே சகர் என்றே அழைத்தனர் என்கிறார் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ். பாரசீகப் பேரரசர் தாரியஸின் கல்வெட்டில் சகர்களில் மூன்று பிரிவுகள் குறிக்கப்படுகின்றன. கூர்மையான குல்லாய் அணிந்தவர்கள் ஒரு பிரிவு. கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் ஒரு பிரிவு. மூன்றாவது பிரிவின் பெயர் ‘ஹௌமவர்க’. இதில் வரும் ஹௌம என்பது நம் வேதத்தின் சோமமேதான். சகர்கள் பேசியது பழைய ஈரானிய மொழிகளில் ஒன்று. ஆகவே சம்ஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு.

சிறு தகடுகளின் சூட்சுமம்

இனி கவசத்துக்கு வருவோம். இக்கூட்டங்களின் கவசங்கள் பெரும்பாலும் நூற்றுக்கணக்கான சிறு தகடுகளால் ஆனவை. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று செதில் கவசம். தோல் அல்லது துணிச் சட்டையின் மேல், நாட்டு ஓடு வேய்வதுபோல் மேல் வரிசை கீழ் வரிசையை மூடும்படி தகடுகளைத் தைப்பது. மற்றொன்றில் அடியில் சட்டையே கிடையாது. ஒவ்வொரு தகட்டிலும் துளைகள் இட்டு, பூத்தொடுப்பதுபோலத் தகட்டோடு தகட்டைத் தோல்வாரால் கோத்துக்கொண்டே போவார்கள்.

ரசாயனம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் உள்ள புத்திசாலித்தனம் வியப்பைத் தருகிறது. பெரிய இரும்புத் தகடு அடிக்கப் பெரிய உலையும் நிலையான பட்டறையும் வேண்டும். கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறவனுக்கு அது சாத்தியமில்லை. இரண்டு விரல் அகலத் தகடு என்றால் சிறு உலை போதும். இரும்பு கிடைக்காவிட்டால் வெண்கலம், எலும்பு, கொம்பு, பதனிடாத கெட்டித் தோல் எதுவும் ஆகும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் எந்த இடத்தில் அம்பு பட்டாலும் இரண்டு மூன்று அடுக்குகளைத் துளைத்தாக வேண்டும். சண்டையில் நான்கு தகடுகள் உடைந்தால் அந்த நான்கை மட்டும் மாற்றினால் போதும். குதிரை மேல் குனியவும் திரும்பவும் உடம்போடு வளைந்து கொடுக்கும்.

பிறந்த வீடு வேறு

இவ்வளவு பொருத்தமாக இருப்பதைப் பார்த்து, இது புல்வெளி மக்களின் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே எவரும் நினைப்பார்கள். ஆனால் செதில் கவசம் பிறந்த வீடு புல்வெளி அல்ல, மேற்காசியாவின் நகரங்கள். வட இராக்கில் நூஸி என்ற பழைய ஊரில், கி.மு. 15, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. ஒரு கவசத்தில் உடம்புக்கு எத்தனை செதில், கைக்கு எத்தனை என்று நம் ஸ்டோர் ரிஜிஸ்டர் மாதிரி அவற்றில் கணக்கு எழுதியிருக்கிறார்கள். 1922-ல் திறக்கப்பட்ட எகிப்திய அரசன் துட்டன்காமூனின் கல்லறையிலும் தோல் செதில் கவசம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் அது ரதத்தில் நின்று போரிடுகிறவனின் உடை.

கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் சிதியர் காக்கசஸ் மலையைக் கடந்து மேற்காசியாவுக்குள் வந்தனர். அசிரியப் பேரரசோடு சில சமயம் சண்டை, சில சமயம் சிநேகம். சிதிய அரசன் ஒருவன் அசிரிய இளவரசியைப் பெண் கேட்ட செய்திகூட அசிரிய ஆவணத்தில் இருக்கிறது. ரதவீரனின் கவசம் குதிரைவீரனின் கவசமானதில் இத்தகைய பழக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சீனாவின் சின்ஜியாங் பகுதியில், துர்பான் அருகே யாங்ஹாய் என்ற இடத்தில் 2013-ல் ஒரு கல்லறை தோண்டப்பட்டது. சுமார் முப்பது வயது ஆண் ஒருவனுடன் தோல் கவசம் ஒன்று புதைக்கப்பட்டிருந்தது. வறண்ட மண் அதைக் கெடாமல் காப்பாற்றியிருக்கிறது. அதில் சிறிய செதில்கள் 5,444, பெரியவை 140. எடை நான்கைந்து கிலோ. ஒருவர் உதவியும் இன்றித் தானே மாட்டிக்கொள்ளும்படி தைத்திருக்கிறார்கள். கரிமக் கணிப்பின்படி அதன் காலம் கி.மு. 786-க்கும் 543-க்கும் இடைப்பட்டது. ஆராய்ந்தவர்கள் அதன் பாணி அசிரியப் பாணி என்கிறார்கள். அசிரியத் தலைநகர் நினிவேயிலிருந்து அந்த இடம் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். ஒரு சட்டையின் வெட்டும் தையலும் அவ்வளவு தூரம் பயணப்பட்டிருக்கின்றன.

மேற்கே போனவர்கள்

கிழக்கு சகர்களுக்கு நெருங்கிய மசகெட்டர், தங்கள் குதிரைகளின் மார்புக்கே வெண்கலக் கவசம் பூட்டினர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 331-ல் அலெக்ஸாண்டர் பாரசீகரை முறியடித்த காகமேலா போரில், எதிர்ப்பக்கம் நின்ற சகர்களும் அவர்களுடைய குதிரைகளும் நல்ல கவசம் பூண்டிருந்ததால் கிரேக்கப் படைக்குச் சேதம் அதிகமாயிற்று என்பது அரியன் தரும் தகவல்.

சிதியருக்குப் பிறகு மேற்குப் புல்வெளியைப் பிடித்தவர்கள் சர்மேஷியர். பௌசானியஸ் என்ற கிரேக்க யாத்திரிகர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றில் காணிக்கையாக வைத்திருந்த சர்மேஷியக் கவசத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அது குதிரைக் குளம்பால் ஆனது. குளம்புகளைச் சேகரித்து, சுத்தம் செய்து, சீவி, துளையிட்டு, குதிரை நரம்பாலும் மாட்டு நரம்பாலும் தைப்பார்களாம். பைன் மரத்துக் காயை உரிக்காமல் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் என்கிறார்.

கவசத்தின் குறையையும் ரோமானிய சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் பதிவு செய்திருக்கிறார். கி.பி. 69 குளிர்காலத்தில் சர்மேஷியரில் ஒரு பிரிவினரான ரோக்ஸோலானியர் 9,000 குதிரை வீரர்களுடன் டான்யூப் நதி தாண்டி ரோமானிய எல்லைக்குள் கொள்ளையிட வந்தனர். பனி உருகி நிலம் சேறாகிவிட்டது. குதிரைகள் வழுக்கின. எந்த வெட்டும் நுழையாத அந்தக் கவசமே, கீழே விழுந்தவனை எழவொட்டாமல் செய்துவிட்டது.

கி.பி. 175-ல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், சர்மேஷியரின் மற்றொரு பிரிவினருடன் உடன்படிக்கை செய்து 8,000 குதிரை வீரர்களைப் பெற்றார். அவர்களில் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பினார். ஹங்கேரிப் புல்வெளியில் பிறந்தவன் பிரிட்டனின் மழையில் காவல் காத்தான். டிரான்ஸ்ஃபர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஊர் ஊராகப் போனவர்களுக்கு அவன் மனம் புரியும்.

தெற்கே வந்தவர்கள்

இவர்கள் மேற்கே அலைந்துகொண்டிருந்த நூற்றாண்டுகளில், கிழக்குக் கோடியில் ஒரு தள்ளுமுள்ளு தொடங்கியிருந்தது. மங்கோலியாவின் சியோங்னு கூட்டம், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூச்சி என்ற கூட்டத்தை முறியடித்தது. யூச்சி அரசனின் மண்டையோட்டை சியோங்னு தலைவன் குடிக்கும் பாத்திரமாக்கினான் என்று சீன வரலாறு சொல்கிறது. யூச்சியர் மேற்கே நகர்ந்தபோது அங்கிருந்த சகர்கள் தெற்கே தள்ளப்பட்டனர். பிறகு யூச்சியரையும் இன்னொரு கூட்டம் தள்ளியது. சுமார் கி.மு. 128-ல் சீனத் தூதர் சாங் சியென் அவர்களைத் தேடிப்பிடித்து, பழைய பகைக்குப் பழிவாங்க அழைத்தார். வளமான ஆக்ஸஸ் நதிக்கரையில் குடியேறிவிட்ட அவர்களுக்கு இனிச் சண்டைக்குப் போக மனமில்லை.

இப்படித் தள்ளப்பட்ட சகர்கள் ஈரானின் கிழக்கு எல்லை, சிந்து, காந்தாரம், குஜராத், மதுரா எனப் பரவினர். அவர்களை அடுத்து யூச்சியரில் ஒரு பிரிவினரே குஷாணர்களாக வந்தனர். தற்போதைய உஸ்பெகிஸ்தானில் கல்சாயன் என்ற இடத்தில் கிடைத்த களிமண் சிற்பங்களில், கழுத்துப் பட்டை உயர்ந்த தகட்டுக் கவசம் பூண்ட குதிரை வீரர்களைக் காணலாம். தட்சசீலத்தில் சர் ஜான் மார்ஷல் 1913 முதல் 1934 வரை நடத்திய அகழாய்வில், சிர்கப் நகரப் பகுதியில் இரும்புக் கவசத் தகடுகள் வெளிப்பட்டன. சக அரசர்களின் நாணயங்கள் சிலவற்றிலும் அரசர் கவசத்தோடு காட்சி தருகிறார்.

உத்தியோக காலத்தில் மதுரா அரசு மியூசியத்துக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே தலை இல்லாத கனிஷ்கர் சிலை நிற்கிறது. முழங்கால் தாண்டும் கெட்டிக் கோட்டு, கனத்த பூட்ஸ், கையில் கதையும் வாளும். மதுராவின் வெயிலில் அந்த உடை எப்படிப் பொறுத்தது என்றுதான் முதலில் தோன்றியது. மத்திய ஆசியக் குளிரில் குதிரை ஏறுகிறவனின் உடை அது. அதே மதுராவில் செதுக்கிய பழைய சூரியன் சிலைகளும் கோட்டும் பூட்ஸுமாகவே இருக்கின்றன. சூரியனுக்கு வடதிசையார் உடை வேண்டும் என்று வராஹமிஹிரர் பிருஹத் ஸம்ஹிதையில் விதியே எழுதிவிட்டார். நம் தென்னாட்டுச் சூரியனோ வெறுங்காலோடு நிற்கிறார்.

வந்தவர்கள் எவ்வளவு சீக்கிரம் இந்த மண்ணோடு கலந்தார்கள் என்பதற்கு ஜுனாகட் பாறைக் கல்வெட்டு சாட்சி. சக ஆண்டு 72, அதாவது கி.பி. 150-ஐ ஒட்டியது. தாத்தாவின் பெயர் சஷ்டனர், பேரனின் பெயர் ருத்ரதாமன். பேரன் பெயரில் ருத்ரனே வந்துவிட்டார். அதுவரை அரசாங்கக் கல்வெட்டுகள் பிராகிருதத்தில் இருக்க, நல்ல சம்ஸ்கிருதத்தில் நீண்ட கல்வெட்டு வெட்டிய முதல் பெரிய அரசர் இந்தச் சகர்தான். புயலில் உடைந்த சுதர்சன ஏரிக் கரையை, ஜனங்கள் மேல் வரி போடாமல் சொந்தக் கஜானாவிலிருந்து கட்டியதாகச் சொல்கிறார். வேலையை முடித்த அதிகாரி சுவிசாகர் ஒரு பஹ்லவர், அதாவது பார்த்தியர். அவர் லஞ்சத்துக்கு அசையாதவர் என்று கல்வெட்டு பாராட்டுகிறது. என் போன்றவர்கள் இதை இரண்டு முறை படிப்போம்.

ஒரே சட்டை, ஒரே ரத்தமா?

பிரிட்டனிலிருந்து துர்பான் வரை ஒரே குடும்பக் கவசம். அப்படியானால் அணிந்தவர்கள் எல்லோரும் ஒரே குலமா? வெகுநாள் பலர் அப்படித்தான் எண்ணினார்கள். 2018-ல் புல்வெளியின் 137 பழைய எலும்புகளின் டி.என்.ஏ.வை ஆராய்ந்த முடிவுகள் வெளியாயின. சிதியர், சகர் என்று நாம் சேர்த்துச் சொல்லும் கூட்டங்கள் ஒரே வித்திலிருந்து வந்தவை அல்ல, அந்தந்தப் பகுதியில் முன்பே இருந்த மக்களிடமிருந்து தனித்தனியே கிளைத்தவை என்று தெரிந்தது. பொருள்களும் பழக்கங்களும் பொது. வம்சம் பொது அல்ல.

இதைவிடத் தெளிவான சாட்சி தெற்கு ஜெர்மனியின் நீடர்ஸ்டோட்ஸிங்கன். கி.பி. 600-ஐ ஒட்டிய இந்தக் கல்லறைகளில் ஒன்றில், ஆவார் என்ற புல்வெளிக் கூட்டம் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த வகைக் கோத்த கவசம் இருந்தது. இந்தக் கல்லறைகளின் டி.என்.ஏ. ஆராய்ச்சியும் 2018-ல்தான் வெளியாயிற்று. நெருங்கிய ரத்த உறவினர்களுடனேயே பிராங்க், லோம்பார்ட், பைசாந்திய நாட்டுப் பாணிப் பொருள்கள் தனித்தனியே புதைக்கப்பட்டிருந்தன. ஒரே குடும்பம், மூன்று தேசத்துப் பாணி!

நம் கௌடல்யரிடமும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கொடுத்த சுவடியிலிருந்து ஆர். சாமசாஸ்திரி 1909-ல் மைசூரில் பதிப்பித்த அர்த்தசாஸ்திரத்தில், ஆயுதசாலை அத்தியாயத்தில் கவச வகைகளின் பட்டியல் வருகிறது. இரும்பு வலைக் கவசத்தோடு காண்டாமிருகம், யானை, மாடு இவற்றின் தோல், குளம்பு, கொம்பு கொண்டு செய்தவையும் உண்டு. ஏதென்ஸில் பௌசானியஸ் கண்ட குளம்புக் கவசம் நினைவுக்கு வருகிறதல்லவா? உடனே கௌடல்யருக்கும் சர்மேஷியருக்கும் முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் குளம்பு கெட்டியானது என்பதைக் கண்டுபிடிக்க யாரும் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஒரே தேவைக்கு ஒரே விடை இரண்டு இடத்தில் தோன்றலாம்.

ஆபீஸில் ஒரு கோப்பு பத்து மேஜை தாண்டி வரும். கடைசி மேஜையின் முத்திரையைப் பார்த்து அது எங்கே பிறந்தது என்று சொல்ல முடியாது. பழம்பொருளும் அப்படித்தான். விலைக்கு வந்திருக்கலாம், சீதனமாக வந்திருக்கலாம், தோற்றவன் உடம்பிலிருந்து உருவியிருக்கலாம், பட்டறைக்காரனே ஊர் மாறியிருக்கலாம்.

வம்சத்துக்காகத் தைத்த கவசம்

வேடிக்கையான ஓர் உதாரணம் போலந்து. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டுப் பிரபுக்கள் தாங்கள் பழைய சர்மேஷியரின் சந்ததி என்று உறுதியாக நம்பினார்கள். குடியானவர்கள் வேறு, தாங்கள் வேறு என்று காட்டவும் அது சௌகரியமாக இருந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘கராசெனா’ என்ற செதில் கவசத்தைச் செய்து அணிந்தார்கள். துப்பாக்கி வந்துவிட்ட காலம் அது. கவசம் கனமானது, போருக்கு அவ்வளவு உதவாதது. இருந்தும் சர்மேஷியன் என்றால் செதில் கவசம் வேண்டுமே! முதலில் வம்சத்தை முடிவு செய்தார்கள், பிறகு அதற்கேற்ற சட்டை தைத்துக்கொண்டார்கள்.

கஜகஸ்தானில் 1969-ல் இஸிக் என்ற இடத்தில், சுமார் 4,000 தங்கத் துண்டுகள் பதித்த உடையுடன் ஒரு சகப் பிரபுவின் உடல் கிடைத்தது. கவசம் போலவே தோன்றும் அந்தத் தங்க உடையில் ‘தங்க மனிதன்’ இன்று அந்நாட்டின் சின்னமாக நிற்கிறான். அங்கு இன்று பேசுவது துருக்கிய மொழி, சகர் மொழியோ ஈரானியம். மறுபுறம், சர்மேஷியரில் ஒரு கிளையான ஆலன்களின் மொழிவழி வந்த ஒஸேத்திய மொழியை இன்றும் காக்கசஸ் மலையில் பேசுகிறார்கள். அவர்களிடம் கவசம் இல்லை, மொழி தங்கியிருக்கிறது. நிலம், மொழி, உடை, ரத்தம் நான்கும் ஒரே வண்டியில் பிரயாணம் செய்வதில்லை.

நம் சங்கக் கூட்டங்களிலும் கல்யாணப் பந்தியிலும் ‘நாம் எங்கிருந்து வந்தோம்’ என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் சினௌலியில் செம்பு வேலைப்பாடுடைய வண்டிகளும் வாள்களும் கிடைத்ததும் அது சூடுபிடித்தது. ‘வெளியிலிருந்து வந்தோம்’ என்பவர்களும் ‘என்றும் இங்கேயே இருந்தோம்’ என்பவர்களும் ஒரே வாளைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக அழைத்தார்கள். ஒரு வண்டிச் சக்கரத்தையோ ஒரு குதிரை எலும்பையோ வைத்துக் குலத்தின் ஜாதகம் எழுதிவிட முடியாது என்பது புல்வெளிக் கவசம் தரும் பாடம். எலும்பு, மொழி, பொருள், ஏடு நான்கையும் தனித்தனியே விசாரித்து, நான்கும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் தீர்ப்பு எழுத வேண்டும். மற்ற இடங்களில் கேஸை ஒத்திவைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. வாதத்தில் தோற்றவர் பந்தியிலிருந்து எழுந்து போவதுதான் நஷ்டம்.

டெல்லி, ஆக்ரா பக்கம் இருக்கும் அங்கத்தினர்கள் கிருஷ்ண ஜன்மபூமி தரிசனத்துக்குச் செல்லும்போது, ஒரு மணி நேரம் ஒதுக்கி மதுரா மியூசியத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பேரப்பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பூட்ஸ் போட்ட சூரியனைப் பார்த்ததும் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.